குடம் நிரம்பும் நேரம்

ஒலிபெருக்கியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் என் நோட்டு. எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பொறியாளர் அம்மா, கண்ணாடியைச் சற்றே மூக்குக்கு இறக்கி, மிக மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கீங்க, சந்தோசம். மேல நிக்கிற அந்த மஞ்சப் பூ மரங்களை யாரு நட்டதுன்னும் எழுதியிருப்பீங்கல்ல? அதைக் கொஞ்சம் வாசிங்களேன்."

பக்கத்தைப் புரட்டினேன். பதில் இருந்தது. என் கையெழுத்திலேயே இருந்தது.

கூடம் முழுக்கக் காலிஃபிளவர் வாசனை. நூறு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் டீக்கடை புஷ்பம் அக்கா, "வாசிங்க சார், பயப்படாம வாசிங்க" என்று தைரியம் சொன்னார். அவருக்கு அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அது எந்த ஞாயிறு, எத்தனை மணி என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. ஆனால் இந்தத் தொடரின் மூன்றாம் அத்தியாயம் வந்தபோதே பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "தேதி இல்லாம எழுதிப் பாருங்க சார், இது தொடரா பஞ்சாங்கமான்னு வாசகர்கள் கேக்குறாங்க" என்றார். ஆகவே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதக் கை கூசுகிறது.

ஒரு காலிக் கட்டம்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கொடைக்கானல் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் என் சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. 'டைமு சார்' என்றால் தெரியும்.

எங்களுக்கு ஒரு பெரிய பதிவேடு உண்டு. வரவு, புறப்பாடு, தாமதம், காரணம் என்று கட்டங்கள். காரணக் கட்டத்தைச் சேர்த்து வைத்துப் படித்தால் மலையின் வரலாறே கிடைத்துவிடும். பாறை சரிந்தது. பனிமூட்டம். சாலையில் யானை. கொண்டை ஊசி வளைவில் கல்யாண வேன், மாப்பிள்ளைக்கு வாந்தி.

கடைசியாக 'முன் வரவு' என்று ஒரு கட்டம். குறித்த நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்த வண்டிகளுக்கு. சமவெளியில் இருந்த யாரோ அச்சடித்த பதிவேடு அது. என் பணிக்காலம் முழுவதும் அந்தக் கட்டத்தில் ஒரு துளி மை வைத்ததில்லை. மலைப்பாதையில் எதுவும் முன்னால் வராது.

இரண்டு வண்டிகளுக்கு நடுவே நேரம் நிறையக் கிடைக்கும். நூலகத்துப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து படிப்பேன். சரித்திரம், தாவரம், பயணக் குறிப்பு, எதையும் விட்டதில்லை. அரசர்களைவிட, அவர்கள் வந்த அன்று மழை பெய்ததா என்று எழுதி வைத்த பெயர் தெரியாத ஆள்மேல்தான் எனக்கு மரியாதை. அப்படி ஒருவர் எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று தோன்றியது. வேறு யாரும் முன்வராததால் நானே ஆனேன். வீட்டு நோட்டிலும் அதே கட்டங்கள்தான். 'முன் வரவு' மட்டும் போடவில்லை. காகிதம் வீண்.

என் மனைவி சரோஜா சொல்வாள்: "கல்யாண நாள் ஞாபகம் இருக்காது. பக்கத்து வீட்டுக் கூரையில குரங்கு எத்தனை மணிக்கு ஏறுச்சுன்னு கேளுங்க, நிமிசத்தோட வரும்."

கல்யாண நாளும் நோட்டில் இருக்கிறது. தேடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பீலி

எங்கள் தெருவுக்கு மேலே, ஊரின் நடுவிலேயே ஒரு சிறு காடு இருக்கிறது. ஒரு பக்கம் லாட்ஜுகள், ஒரு பக்கம் பள்ளிக்கூட மதில். வழியில் 'பாதுகாக்கப்பட்ட பசுமைப் பகுதி' என்று துருப்பிடித்த பலகை. உள்ளே பாசி படிந்த பழைய மரங்கள். நண்பகலிலும் சட்டைக்குள் குளிர் ஏறும். ஊற்றுச் சோலை என்போம்.

சோலையின் அடியில், பாறை இடுக்கிலிருந்து ஒரு ஊற்று கசிகிறது. அதில் ஒரு தகரத்தை வளைத்துச் செருகி, தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிற மாதிரி விழ வைத்தவர் புஷ்பம் அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். அங்கே லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் விழும் இடத்துக்குப் பீலி என்று பெயராம். அவர் பீலி என்றார். தெருவே பீலி என்றது.

பீலியை ஒட்டித்தான் அவருடைய டீக்கடை. "குழாய்த் தண்ணியில தேத்தண்ணி ஊத்துறதுக்கு நான் கடையை மூடிட்டு ஊட்டிக்குப் போயிருவேன்" என்பார். ஊட்டி என்பது அவர் வாயில் பெரிய வசவு.

கோடையில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நாளைவிட வராத நாள் அதிகம். அப்போது கீழ்த்தெரு வரைக்கும் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். பீலி நின்றால் தெரு நிற்காது, காலி செய்துகொண்டு போய்விடும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் மட்டும் மாதத்தின் முதல் ஞாயிறு வெள்ளென எழுந்து, சரோஜாவின் சீர்ப் பித்தளைக் குடத்தைப் பீலியில் வைத்து, அது நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று என் பழைய டியூட்டிக் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேன்.

"என்ன சார், வண்டி லேட்டா?" என்பார் புஷ்பம் அக்கா, அடுப்பை மூட்டிக்கொண்டே.

"மூணு வினாடி."

"ஏன், ரோட்டுல யானையா?"

மூன்று 'இல்லை'கள்

ஒரு நாள் சோலைப் பலகையை மறைத்துக்கொண்டு வேறொரு பெரிய பலகை வந்து நின்றது. ஒரு துறையின் திட்டம். துறையின் பெயர் இங்கே வேண்டாம். 'சுற்றுச்சூழல் கேளிக்கைப் பூங்கா'. கண்ணாடி நடைபாலம், உணவுக் கூடம், இதய வடிவத்தில் ஒரு செல்ஃபி மேடை. பீலிக்கு நேர் மேலே இரண்டடுக்குக் கார் நிறுத்தம். படத்தில் ஐஸ்கிரீம் கடை ஓரமாக ஒரு மான் நின்றுகொண்டிருந்தது, வரிசையில் நிற்பது போல.

திட்ட அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். அதில் நிலத்தைப் பற்றி மூன்று வரிகள். பயன்பாடு: இல்லை. வனவிலங்கு நடமாட்டம்: இல்லை. நிரந்தர நீர் ஆதாரம்: இல்லை.

வாசித்துக் காட்டியபோது புஷ்பம் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "பீலி இல்லையா? அப்ப இவ்வளவு வருசமா எல்லாரும் என் கடையில குடிச்சது என்ன, காத்தா? மேல சிமெண்டைக் கொட்டிட்டா இது இருக்குமா சார்?"

"இருக்காது."

"பொறவு நான் எங்க போவேன்?"

இந்த முறை அவர் ஊட்டி என்று சொல்லவில்லை.

திட்டத்தின் முதல் ஆதரவாளர் சோலைக்கு மேலே லாட்ஜ் வைத்திருக்கும் ராஜபாண்டி. கெட்டவர் அல்ல. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அவர் லாட்ஜிலிருந்து நாற்காலிகள் இறங்கி வரும்.

"கார் நிறுத்த எடமில்லாம டூரிஸ்ட்டு திரும்பிப் போறான் டைமு சார். அவன் என்ன மரத்தைப் பாக்கவா வர்றான்?"

"வேற எதைப் பாக்க வர்றாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ரூம்ல டிவி போட்டிருக்கோமே."

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் முதலில் புதன்கிழமை என்றார்கள். பிறகு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மாற்றினார்கள். ஞாயிறு எங்கள் ஊரில் சந்தை. பூண்டி பக்கத்திலிருந்து கேரட்டும் பூண்டும் வந்து குவியும். அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட இருக்காது. கிழமையை மாற்றச் சொன்னது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. அன்று காலை ராஜபாண்டியின் முகத்திலேயே எழுதியிருந்தது.

பையோடு வாருங்கள்

புஷ்பம் அக்கா கடையைப் பூட்டிவிட்டுப் போய்ச் சந்தை வாசலில் நின்றார்.

"வெரசா வாங்கிட்டு வெரசா கூட்டத்துக்கு வாங்க! பைய வீட்டுல வச்சிட்டு வாறேன்னு போனீங்கன்னா அப்படியே படுத்துருவீங்க. பையோடயே வாங்க!"

வந்தார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி இலையெல்லாம் பைக்கு வெளியே தலைநீட்ட, நூறு பேர். கூடம் சிறியது. உள்ளே அடங்காத பைகளை வாசல் படிகளில் அடுக்கினார்கள். இந்தப் படிகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தெருவின் சார்பில் பேச என்னை எழுப்பினார்கள். நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும் என்பது என் எண்ணம். இரண்டாவது மழைக்காலத்துக்கு வருவதற்குள் பின்வரிசையில் ஒருவர் பூண்டு உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான், கூட்டத்தை நடத்த வந்திருந்த துறைப் பொறியாளர் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எழுதியதை வாசிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. வாசித்தேன்.

"'மரம் நடு விழா. ஊற்றுச் சோலையின் மேல் சரிவில், வெறும் புல் மட்டுமே இருந்த வெற்றிடத்தில், பஸ் நிலைய ஊழியர்கள் சார்பில் ஐம்பது சீகைக் கன்றுகள் நடப்பட்டன. ஏற்பாடு: அடியேன். வடை சற்றே கருகல்.'"

புல்லைப் பற்றிக் கொஞ்சம்

இது தலைக்குத் தேய்க்கிற சீயக்காய் அல்ல, வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம். விறகுக்கும் தோல் பதனிடவும் வெள்ளைக்காரர்கள் மலைக்குக் கொண்டுவந்தது. வெகு வேகமாக வளரும், மஞ்சளாகப் பூக்கும். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பச்சையாக இருப்பதெல்லாம் மரம், மரமெல்லாம் புண்ணியம். புல்வெளி என்றால் மரம் வைக்க மறந்துபோன இடம்.

மலையில் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே விடுவது அந்தப் புல்தான், சீகை அதை உறிஞ்சிக் குடித்துவிடும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். பழனி வண்டி வந்தது. அதன் தாமதத்தை எழுதினேன். என் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று.

"கேட்டுக்கங்கம்மா!" ராஜபாண்டி எழுந்தே விட்டார். "சோலையாம் சோலை! டைமு சார் வச்ச தோப்பு இது!"

"ஊத்துல தண்ணி குறைஞ்சிருந்தா அதுக்கும் இந்த மரம் ஒரு காரணம். ஒத்துக்கிறீங்களா சார்?" என்றார் பொறியாளர்.

"ஆமாம்மா."

உட்கார்ந்தேன். புஷ்பம் அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மேஜையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "நல்லா வாதாடுனீங்க சார். எதிர்ப்பக்கத்துக்கு."

மெல்ல ஒரு முணுமுணுப்பு. யாரோ, "வடை கருகினதைக் கூடவா எழுதுவாரு?" என்றார்கள். பொறியாளர் கோப்பை மூடி, எல்லோருக்கும் நன்றி சொன்னார். கூட்டம் முடிந்தது.

படியில் நின்றவர்

முதலில் வெளியே போனவர் ராஜபாண்டி. முதலில் உள்ளே வந்தவரும் அவரே, முதுகைக் காட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து.

படியில் ஒரு காட்டுமாடு நின்றது. ஆண். வாசலை அடைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கறுப்பு உடம்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. சந்தைப் பைகளில் தலையை விட்டிருந்தது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, போனை நீட்டக் கூடாது. அதற்கு ஒரு சோலி இருக்கிறது, அது முடியும்வரை நமக்கு வேலை இல்லை என்று இருந்த இடத்தில் இருக்க வேண்டும். நூறு பேரும் சத்தமில்லாமல் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"என் முட்டைக்கோசு" என்றாள் சரோஜா, காதுக்கு மட்டும் கேட்கும்படி.

"இது அடிக்கடி வருமா?" பொறியாளர் கிசுகிசுத்தார். கூடமே என் பக்கம் திரும்பியது.

"தினமும் இந்த வழியாத்தாம்மா சோலைக்குள்ள போகும். ஞாயித்துக்கெழமை மட்டும் சந்தைக்குப் போயிட்டு வரும். இன்னைக்குச் சந்தையே இங்க வந்து கெடக்கு."

"எப்பப் போகும்?"

"வழக்கமா இருபத்தஞ்சு நிமிசம். முட்டைக்கோஸ் இருந்தா சொல்ல முடியாது."

அவர் தன் கோப்பைத் திறந்து, 'வனவிலங்கு நடமாட்டம்: இல்லை' என்ற வரியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி வரியைப் பார்த்தார்.

"அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க சார். சும்மா உக்காந்திருக்கிறதுக்கு."

கொடுத்தேன். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது என்ன? 'குடம், நாற்பத்தொன்று'?"

சொன்னேன்.

"மாசா மாசமா? ஒரே குடத்துலயா?"

"எங்க வீட்டம்மா சீர்க் குடம்."

"கோடையிலயும் வந்துச்சா?"

"ஒரு கோடையில நாலு நிமிசம் ஆச்சும்மா. ஆனா நிக்கல. ஒரு மாசம்கூட நிக்கல."

அவர் போனில் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருசத்துக்கு ஊத்து அளவு எங்க ஆபீஸ்லயே கெடையாது சார். இதை ஏன் முதல்லயே வாசிக்கல?"

"வரிசையா வந்துக்கிட்டிருந்தேம்மா."

புஷ்பம் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் வராமல்தான்.

பொறியாளருக்கு இப்போது சுவாரஸ்யம் பிடித்துவிட்டது. அடங்கிய குரலில் வாய்விட்டே படித்தார்: "'கடும் கோடை. பீலியில் டேங்கர் லாரி. வரவு காலை 5.10. புறப்பாடு 5.50. காரணம்: ரா.பா. லாட்ஜில் குளிக்கத் தண்ணீர் இல்லை.' யாரு சார் ரா.பா.?"

எல்லோரும் ஒரே திசையில் பார்த்தார்கள். வாசலில் மாடு நிற்கிறதே, சிரிக்க முடியுமா? நூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதில் நாற்காலிகள் மட்டும் கிறீச்சிட்டன. பூண்டு உரித்தவர் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ராஜபாண்டி தன் டிரைவர் பக்கம் சாய்ந்தார். "ஏலே முருகா, பின்கதவு தொறந்து கெடக்கான்னு பாருலே."

முருகன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "பின்னாடி மாட்டோட சம்சாரம் நிக்குது முதலாளி."

"அடுத்த பக்கத்துலயும் இந்த லாரி வருது போல" என்றார் பொறியாளர், பக்கத்தைத் திருப்பப் போனவராக.

"போதும்மா," என்றார் ராஜபாண்டி அவசரமாக. "எல்லாரும் பயன்படுத்துற எடந்தான். இல்லைன்னு எழுதுனது தப்புத்தான்."

ஒருமனதாக

காட்டுமாடு புறப்பட ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் அந்த அம்மா மூன்று 'இல்லை'களுக்கும் பக்கத்தில் 'மறு ஆய்வு தேவை' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார்.

"திட்டம் ரத்துன்னு நான் சொல்லல. திருப்பி அனுப்புறேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. அந்தச் சீகை மேல நிக்கிற வரைக்கும் உங்க ஊத்து தேஞ்சுக்கிட்டேதான் இருக்கும். பெரிய மரத்தை வெட்டுறதுக்கு எழுதுறேன். வெட்டுனதும் கீழ மொளைக்கும் பாருங்க, ஆயிரக்கணக்குல. அதை யாரு பாக்குறது?"

"வச்சவரு இங்கனதான இருக்காரு," என்றார் புஷ்பம் அக்கா. "அவரே புடுங்கட்டும்."

கைதூக்கச் சொன்னார்கள். ஒருமனதாக நிறைவேறியது. ராஜபாண்டி இரண்டு கைகளையும் தூக்கினார். சரோஜாவும் தூக்கினாள்.

திட்டம் செத்துவிடவில்லை. ஒருமுறை கார் நிறுத்தத்தை மட்டும் சிறிதாக்கிக்கொண்டு திரும்பி வந்தது. நோட்டின் நகல்களை எடுத்துக்கொண்டு தெருவே போனது. திட்டம் மறுபடி திரும்பிப் போய்விட்டது. இப்போது எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரியவில்லை. பலகையில் மட்டும் அந்த மான் வெயிலில் வெளுத்துப்போய் இன்னும் வரிசையில் நிற்கிறது.

பெரிய சீகைகள் ஒருவழியாக வெட்டப்பட்டன. வெளிச்சம் விழுந்ததும் மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்த விதைகளெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து வந்தன, கூட்டத்துக்கு வந்தவர்கள் போல. ஞாயிறுதோறும் சந்தைக்கு முன்பாக நான் அந்தச் சரிவில் முழங்காலிட்டுப் பிடுங்குகிறேன். தெருக்காரர்கள் சிலர் வருகிறார்கள். ராஜபாண்டி முருகனை அனுப்புகிறார். சில வாரம் அவரே வந்து, டாக்டர் குனிந்து நிமிரச் சொல்லியிருப்பதாகக் காரணம் சொல்கிறார். வெற்றிடத்தில் மறுபடி புல் பிடிக்கிறது.

போன மாதம் முதல் ஞாயிறு குடத்தை வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நம்பாமல் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவையும் அதேதான். சென்ற ஆண்டு இதே மாதத்தைவிட இரண்டு வினாடி குறைவு.

"ரெண்டு நொடியா?" என்றார் புஷ்பம் அக்கா. "நீங்க கைய வெரசா எடுத்திருப்பீங்க." சொல்லிவிட்டு, அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, தானே ஒரு தடவை குடத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகு எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, அளவுகோல் வைத்து, நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன். தலைப்பு எழுதினேன்: முன் வரவு. அதன் கீழே: பீலி, இரண்டு வினாடி.

காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில், 'முழங்கால் வலி' என்று எழுதினேன்.